அமிஸ்டாட்: அந்தக் கிளர்ச்சி யாருடையது?

தாமிரபரணியான் | சனி, இரவு 11:52

ஸ்பீல்பெர்க் 1997-இல் எடுத்த 'அமிஸ்டாட்' பற்றி இங்கே ஓர் இழைகூட இல்லை. அதனால் நானே தொடங்குகிறேன். படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதை முழுவதையும் பேசப்போகிறோம்.

தொடக்கக் காட்சியிலிருந்து என்னால் இன்னும் வெளியே வர முடியவில்லை. இருட்டு. வியர்வை வழியும் ஒரு முகம், மூச்சுக் காற்று நம் மேல் படும் அளவுக்கு அருகில். கப்பல் பலகையில் அடித்த ஆணியை விரல்கள் தோண்டி எடுக்கின்றன, நகக்கண்ணெல்லாம் ரத்தம். ஆணி கைக்கு வருகிறது, பூட்டு திறக்கிறது. அதற்குப் பிறகு மழையும் மின்னலும் கரும்பு வெட்டும் கத்திகளும்தான். கேப்டனின் உடம்பில் வாளை இறக்குகிறவன் முகத்தில் துளிச் சந்தோஷம் கிடையாது. இத்தனை நாள் அடக்கி வைத்த மூச்சு மட்டும் அவன் தொண்டையிலிருந்து அலறலாக வருகிறது.

நடந்த சம்பவம் இது. 1839 ஜூன் இறுதியில் ஹவானாவிலிருந்து கியூபாவின் வேறொரு துறைமுகத்துக்கு 'லா அமிஸ்டாட்' என்ற பாய்க்கப்பல் கிளம்பியது. அதில் 53 ஆப்பிரிக்கர்கள், அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். பெரும்பாலானோர் இன்றைய சியரா லியோன் பகுதியின் மெண்டே மக்கள். லொம்போகோ என்ற அடிமைக் கிடங்கில் அடைக்கப்பட்டு, 'தெசோரா' என்ற கப்பலில் அட்லாண்டிக் தாண்டி வந்து, ஹவானாவில் ரூயிஸ், மோன்டெஸ் என்ற இரண்டு ஸ்பானியர்களுக்கு விற்கப்பட்டவர்கள். 'கரை சேர்ந்ததும் உங்களை வெட்டிச் சமைத்துத் தின்றுவிடுவார்கள்' என்று கப்பல் சமையல்காரன் செலஸ்டினோ சைகையிலேயே அவர்களை மிரட்டியிருக்கிறான். ஜூலை 2, விடிவதற்கு முன் செங்பே பியே தலைமையில் கிளர்ச்சி. அமெரிக்கப் பத்திரிகைகள் பிற்பாடு சின்கே என்று எழுதியது இவரைத்தான். கேப்டன் ஃபெரேரும் சமையல்காரனும் கொல்லப்பட்டார்கள். கப்பலோட்டத் தெரிந்தவர்கள் வேண்டும் என்பதால் ரூயிஸையும் மோன்டெஸையும் உயிரோடு வைத்தார்கள்.

சூரியன் உதிக்கும் திசையில் போனால் ஊர் வந்துவிடும். அவர்களுக்கு அது தெரியும். மோன்டெஸ் பகலில் கிழக்கே ஓட்டினான், இரவில் சத்தமில்லாமல் வடமேற்கே திருப்பினான். ஏறக்குறைய இரண்டு மாதம் இப்படியே. தண்ணீர் தீர்ந்து, நோய் வந்து, பலர் செத்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டின் மான்டாக் முனையில் தண்ணீர் தேடி இறங்கியபோது அமெரிக்கக் கடற்படை பிடித்தது.

அதற்குப் பிறகு படம் நீதிமன்றத்துக்குள் போய்விடுகிறது. என் கேள்வியும் அங்கேதான். முதல் காட்சியில் தன் கையாலேயே பூட்டைத் திறந்தவனை, மீதிப் படம் முழுக்க வேறு யாரோ வந்து விடுவிக்க வேண்டியவனாகக் காட்டுவது நியாயமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

செல்லுலாய்டு செல்வம் | ஞாயிறு, காலை 7:15

நல்ல இழை. கேள்விக்குப் பிறகு வருகிறேன், முதலில் காட்சிகள்.

கப்பலைக் கைப்பற்றிய பிறகு ஓர் இரவுக் காட்சி வருமே, கவனித்தீர்களா? பனிமூட்டத்தில் இன்னொரு கப்பல் எதிரே வருகிறது. அதில் விளக்குகள், வெள்ளை மேசைவிரிப்பு, இசைக்குழு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சீமான்கள், சீமாட்டிகள். இந்தப் பக்கம் இருட்டில் தாகத்தோடு நிற்கும் மனிதர்கள். இரண்டு கப்பலும் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன, ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் காலத்து அட்லாண்டிக் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமாக ஒரு காட்சி எழுத முடியாது.

அடுத்தது மொழி. தொடக்கத்தில் மெண்டே மக்கள் பேசுவது நமக்குப் புரியாது, திரையில் எழுத்தும் வராது. அவர்களுக்குள் வாக்குவாதம் நடக்கிறது என்று மட்டும் தெரியும். நாமும் அந்த அமெரிக்கர்களைப் போல வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறோம். சிறைக்கு வந்த பிறகுதான் அவர்கள் பேச்சு நமக்கு எழுத்தில் வருகிறது. அங்கேதான் அவர்களுக்குள்ளே ஓடும் கிண்டலும் சண்டையும் பயமும் தெரிகின்றன. ஜெபம் பண்ண வந்தவர்களின் முகத்தைப் பார்த்து 'ஏன் இவர்கள் இவ்வளவு துக்கமாக இருக்கிறார்கள்' என்று அவர்கள் யோசிக்கிற இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

செங்பேயாக நடித்த ஜிமோன் ஹோன்ஸூ பெனின் நாட்டில் பிறந்தவர். மெண்டே அவருடைய தாய்மொழி கிடையாது, படத்துக்காகக் கற்றுக்கொண்டார். மொழிபெயர்ப்பாளன் ஜேம்ஸ் கோவியாக வரும் இளைஞன் சிவெட்டல் எஜியோஃபோர், அவருக்கு இதுதான் முதல் படம். இத்தனை இருந்தும் ஆஸ்கர் பரிந்துரை, கைதிகளுக்காக வாதாடும் ஜான் குவின்சி ஆடம்ஸாக வரும் ஆந்தனி ஹாப்கின்ஸுக்குத்தான் போனது. நான்கு பரிந்துரை, ஒரு விருதுகூட இல்லை.

பொடிநடை | ஞாயிறு, காலை 10:40

நான் காலேஜ் ஃபிலிம் கிளப்புக்காகப் பார்த்தேன் அண்ணா. உண்மையைச் சொன்னால் ஆரம்பமும் நடுவில் வரும் கப்பல் ஃப்ளாஷ்பேக்கும்தான் என்னை உலுக்கின. கிளர்ச்சி பத்து நிமிஷம், கோர்ட் ரெண்டு மணி நேரம். ஹாப்கின்ஸ் கடைசியில் பேசும்போது எல்லாரும் அழணும் என்று இசை போடுகிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த வக்கீல் நிஜமாகவே அப்படித்தானா? அந்த மார்கன் ஃப்ரீமன் பாத்திரம் யார்? தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

சரித்திர டீச்சர் | ஞாயிறு, மதியம் 2:05

கிடைக்காது தம்பி. அடிமை முறை ஒழிப்பியக்கத்தைச் சேர்ந்த தியோடர் ஜோட்சன் என்ற அந்தக் கறுப்பினத்தவர், படத்துக்காக உருவாக்கிய பாத்திரம். கற்பனைப் பாத்திரம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் நிஜமான கறுப்பினத் தலைவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். பிலடெல்ஃபியாவின் ராபர்ட் பர்விஸ் செங்பேயின் உருவப்படத்தைச் சொந்தச் செலவில் வரைய வைத்தவர். இன்று நாம் புத்தகங்களில் பார்க்கும் செங்பேயின் கம்பீரமான முகம், நத்தேனியல் ஜாஸ்லின் வரைந்த அந்தப் படம்தான். பர்விஸைத் திரையில் காட்டியிருக்கலாமே?

கைதிகளின் வக்கீல் ரோஜர் பால்ட்வின் படத்தில் சொத்து வழக்குகளுக்கு அலையும் இளம் வக்கீலாக வருகிறார். நிஜ பால்ட்வின் அப்போதே பெயர்பெற்ற வழக்கறிஞர், அடிமை முறையை எதிர்த்தவர். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ரோஜர் ஷெர்மனின் பேரன். பின்னாளில் கனெக்டிகட்டின் ஆளுநரானார். ஒழிப்பியக்கத்தைச் சேர்ந்த லூயிஸ் டப்பனுக்குப் படம் செய்திருப்பது இன்னும் பெரிய அநியாயம். கைதிகள் செத்தால் இயக்கத்துக்கு நல்லது என்று நினைக்கிறவர்போலக் காட்டியிருக்கிறார்கள். 1834 கலவரத்தில் வெறிக்கூட்டம் நியூயார்க்கில் அவர் வீட்டைச் சூறையாடியது. அப்படியும் ஒதுங்காமல், இவர்களுக்காகக் குழு அமைத்து, பணம் திரட்டி, வக்கீல் வைத்த மனிதர் அவர்.

ஆனால் இவையெல்லாம் சின்ன விஷயம் என்பேன். தாமிரபரணியான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கைதிகள் நீதிமன்றத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் ஜோசியா கிப்ஸ் நியூ ஹேவன் சிறைக்கு வந்து, ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவது எப்படி என்று அவர்களிடம் கற்றுக்கொண்டார். நியூயார்க் துறைமுகத்தில் கப்பல் கப்பலாகப் போய் அந்த எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். 'பஸ்ஸர்ட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் வேலை பார்த்த ஜேம்ஸ் கோவிக்கு அது புரிந்தது. கோவியும் சிறுவயதில் கடத்தப்பட்டு, அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்டவன். அவன் சிறைக்குள் நுழைந்து தங்கள் மொழியில் பேசியதும் கைதிகள் போட்ட கூச்சலைப் பற்றி அன்றே எழுதி வைத்திருக்கிறார்கள். படம் இந்தத் தேடலை பால்ட்வினுக்கும் ஜோட்சனுக்கும் கொடுத்துவிட்டது. கிப்ஸைக் கோமாளியாக்கிவிட்டது.

இன்னொன்று. கைதிகள் சிறையில் ஆங்கிலம் படித்தார்கள். காலே என்ற சிறுவன், பதினொரு வயது இருக்கும், 1841 ஜனவரியில் ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினான். எங்களுக்கு அமெரிக்க மொழி பேசத் தெரியாததால் மெண்டே மக்களை முட்டாள்கள் என்கிறார்கள், அமெரிக்கர்களுக்கும் மெண்டே பேசத் தெரியாது, அப்போது அவர்கள் முட்டாள்களா என்று கேட்கிறான். எங்களுக்கு வேண்டியதெல்லாம் விடுதலை மட்டும் என்கிறான். அந்த நாட்டின் முன்னாள் ஜனாதிபதிக்கு! இந்தக் கடிதம் படத்தில் இல்லை. செங்பே உடைந்த ஆங்கிலத்தில் நீதிமன்றத்தில் எழுந்து விடுதலை கேட்டுக் குரல் கொடுக்கும் காட்சி மட்டும் இருக்கிறது. அந்தக் காட்சி உருக்கமானது, மறுக்கவில்லை. ஆனால் காலேயின் கடிதத்தில் வாதம் இருக்கிறது. கெஞ்சல் இல்லை, தர்க்கம் இருக்கிறது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு உணர்ச்சியை மட்டும் வைத்தது எனக்கு உறுத்துகிறது.

கறுப்பு அங்கி | ஞாயிறு, மாலை 6:30

டீச்சர் சொன்னதில் மறுப்பு இல்லை. ஆனால் 'கோர்ட் ரெண்டு மணி நேரம்' என்று தம்பி சலித்துக்கொள்வதற்கு ஒரு வழக்கறிஞனாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த வழக்கில் எதிர்த்தரப்பில் யார் யார் நின்றார்கள் என்று பாருங்கள். ரூயிஸும் மோன்டெஸும் 'எங்கள் சொத்து' என்றார்கள். பிடித்த கடற்படை அதிகாரி கெட்னி, மீட்புக்கூலியாகக் கப்பலிலும் சரக்கிலும் பங்கு கேட்டார், அந்தச் சரக்கில் மனிதர்களும் சேர்த்தி. ஸ்பெயின் அரசு அமெரிக்காவோடு போட்ட 1795 ஒப்பந்தத்தைக் காட்டித் திருப்பிக் கேட்டது. அமெரிக்க ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரன் 1840 தேர்தலில் தென் மாநில ஓட்டுக்காக ஸ்பெயின் பக்கம் சாய்ந்தார். கீழ்நீதிமன்றம் தனக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கும் என்று நம்பி, 'கிராம்பஸ்' என்ற கடற்படைக் கப்பலை நியூ ஹேவனில் தயாராக நிறுத்தி வைத்திருந்தார். தீர்ப்பு வந்த கையோடு, மேல்முறையீடு செய்ய நேரம் கொடுக்காமல், கைதிகளை ஏற்றிக் கியூபாவுக்கு அனுப்பிவிடத் திட்டம். அங்கே தூக்குமரம் காத்திருந்தது.

நீதிபதி ஜட்சன் கறுப்பின மக்களுக்கு நண்பர் அல்ல. ஆனாலும் 1840 ஜனவரியில் அவர் தீர்ப்பு கைதிகள் பக்கம் வந்தது. காரணம் ஆவணம். ஸ்பெயின் 1817-இல் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தப்படி 1820-க்குப் பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது ஸ்பானியச் சட்டத்திலேயே குற்றம். அதனால்தான் ஹவானாவில் இவர்களுக்கு ஸ்பானியப் பெயர் சூட்டி, பல வருடமாகக் கியூபாவில் இருப்பவர்கள்போல அனுமதிச்சீட்டு தயாரித்தார்கள். ஒரு வார்த்தை ஸ்பானிய மொழி தெரியாத குழந்தைகளுக்கும் அதே சீட்டு! அந்தப் பொய் உடைந்தது. இவர்கள் அடிமைகளே அல்ல, கடத்தப்பட்ட சுதந்திர மனிதர்கள் என்று ஆனது. கடத்தப்பட்டவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதிர்த்து அடித்தால் அது கொலையும் அல்ல, கடற்கொள்ளையும் அல்ல.

அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றத்தில் 73 வயது ஆடம்ஸ் இரண்டு நாளில் எட்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். படத்தில் வரும் மூதாதையர் பேச்சு திரைக்கதை ஆசிரியர் எழுதியது. நிஜப் பேச்சில் பெரும்பகுதி, நிர்வாகம் நீதித்துறையில் எப்படித் தலையிட்டது என்பதை ஆவணம் ஆவணமாகக் கிழித்துக் காட்டுவது. அதைப் படமாக எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். 1841 மார்ச் 9 அன்று கைதிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு, ஒரே ஒருவர் மாறுபட்டார். தீர்ப்பை எழுதியவர் ஜோசப் ஸ்டோரி. (படத்தில் ஸ்டோரியாக நடித்தவர் ஹாரி பிளாக்மன், ஓய்வுபெற்ற நிஜ உச்ச நீதிமன்ற நீதிபதி!)

அதிகாரம் மொத்தமும் எதிரே நிற்கும்போது காகிதத்தையும் தர்க்கத்தையும் வைத்துக்கொண்டு ஜெயிப்பதும் போராட்டம்தான். கத்தியால் கப்பலைப் பிடித்தார்கள், சரி. அந்த வழக்கு இல்லாவிட்டால் ஹவானாவில் தூக்கு.

வடமராட்சியாள் | திங்கள், காலை 8:20

வணக்கம். நான் இந்தப் படத்தை ரெண்டாம்முறை பாக்கேலாது எண்டு நினைச்சனான், இந்த இழையை வாசிச்சிட்டு நேற்று திரும்பவும் இருந்து பாத்தன்.

ஒருத்தரும் அந்தத் தாயைப் பற்றி எழுதேல்லை. தெசோரா கப்பல்ல சனத்தை அடிச்சுக்கொண்டிருக்கேக்க, கைக்குழந்தையோட கப்பல் விளிம்பில இருக்கிற ஒரு பெண் ஒரு சத்தமும் போடாமல் பின்பக்கமாக் கடலுக்குள்ள சரிஞ்சுபோறா. அதுவும் ஒரு மறுப்புத்தான். கிளர்ச்சி எண்டால் கத்தி தூக்கிறது மட்டும் எண்டு நாங்கள் நினைக்கக் கூடாது.

அடுத்தது அந்த எடைக் கணக்கு. சாப்பாடு காணாது எண்டு அம்பது பேரளவில சங்கிலியால ஒண்டாப் பிணைச்சு, கல்லுக்கட்டிக் கடலில தள்ளுறாங்கள். நீதிமன்றத்தில பிரிட்டிஷ் கப்பல் அதிகாரி சரக்குப் பதிவேட்டைக் காட்டி, ஒரு நாளில எடை இவ்வளவு குறைஞ்சிருக்கு, ஆனால் என்ன சரக்கு இறங்கினது எண்டு எழுதேல்லை எண்டு சொல்றார். 1781-இல 'சோங்' எண்ட கப்பலில காப்பீட்டுப் பணத்துக்காக 130-க்கும் மேற்பட்ட ஆக்களைக் கடலில தள்ளினதும், அது லண்டனில கொலை வழக்கா இல்லாமல் காப்பீட்டு வழக்கா விசாரிக்கப்பட்டதும் ஞாபகம் வந்தது.

ஆனால் கடைசியில பிரிட்டிஷ் கடற்படை லொம்போகோவைப் பீரங்கியால உடைக்கிற இடத்தில எனக்கு மனம் ஒட்டேல்லை. அப்பிடி ஒரு தாக்குதல் நடந்தது உண்மை, டென்மன் எண்ட தளபதி 1840-இல செய்தவர். ஆனால் அதே பிரிட்டன் 1833-இல அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவரேக்க கிழக்கிந்தியக் கம்பெனியின்ர பகுதிகளையும் இலங்கையையும் செயின்ட் ஹெலினாவையும் அந்தச் சட்டத்துக்கு வெளியில விட்டது. அடிமைகளை வைச்சிருந்தவைக்கு ரெண்டு கோடி பவுண் நட்டஈடு குடுத்தது, அடிமையா இருந்தவைக்கு ஒரு சதமும் இல்லை. எங்கட யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தை ஒல்லாந்தர் 1707-இல தொகுப்பிச்சபோது அதில அடிமைகளுக்கெண்டு தனிப்பகுதியே இருந்தது. இலங்கையில அடிமை முறை சட்டப்படி ஒழிஞ்சது 1844-இல. அமிஸ்டாட் ஆக்கள் ஊருக்குத் திரும்பினதுக்குப் பிறகு! கடற்படை ஒரு கோட்டையை உடைக்கிற படத்தைப் பாத்துக் கைதட்ட முதல் இதையும் யோசிக்கவேணும்.

தாமிரபரணியான் | திங்கள், இரவு 9:10

அக்கா, அந்தத் தாயை நீங்கள் சொன்னதற்கு நன்றி. தஞ்சை, திருநெல்வேலிச் சீமைகளில் பண்ணையாட்களை நிலத்தோடு சேர்த்து விற்ற ஓலைகளும் பத்திரங்களும் உண்டு. கம்பெனி ஆட்சியில் அடிமை உரிமையைச் சட்டம் ஏற்காது என்று சொன்னது 1843-இன் ஐந்தாவது சட்டம். சொல்லிவிட்டு நிலத்தை அவர்களுக்குத் தரவில்லை, கடன்சீட்டில் பண்ணையடிமைத்தனம் தொடர்ந்தது. இதைத் தனி இழையாகப் பேசலாம், இங்கே கப்பலைவிட்டு ரொம்ப தூரம் போய்விடுவோம்.

வக்கீல் சார், உங்கள் வாதத்தின் பலம் தெரிகிறது. ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. நீதிமன்றம் 1841-இல் அவர்களை விடுவித்ததா, அல்லது 1839 ஜூலை 2-இல் அவர்களே எடுத்துக்கொண்டதைப் பதினெட்டு மாதத்துக்கும் மேல் பூட்டி வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததா?

சரித்திர டீச்சர் | திங்கள், இரவு 10:45

வக்கீல் சாருக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: அன்டோனியோ.

அமிஸ்டாட் கப்பலில் கேப்டன் ஃபெரேருக்குச் சொந்தமான வேலைக்காரப் பையன். கிளர்ச்சியில் தப்பியவன். அவனும் அதே சிறைக்கு வந்தான், அதே வழக்கில் சாட்சி சொன்னான். நீதிமன்றம் அவனைப் பற்றி என்ன சொன்னது? அவன் கியூபாவில் சட்டப்படி அடிமை, ஆகவே செத்துப்போன கேப்டனின் வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. ஒரே கப்பல், ஒரே வழக்கு. ஒரு பக்கம் 'சுதந்திர மனிதர்கள்', இன்னொரு பக்கம் இந்தப் பையன் 'சொத்து'. ஒப்பந்தத் தேதிதான் வித்தியாசம்.

நல்லவேளை, ஒழிப்பியக்கத்தார் அவனை ரகசியமாக மான்ட்ரியலுக்கு அனுப்பிவிட்டார்கள். அவனைத் தப்புவித்தது சட்டத்தை மீறியவர்கள். படத்தில் அவன் கதை சொல்லப்படவே இல்லை. சொல்லியிருந்தால் அந்த இறுதி உரைக்குப் பிறகு யாரும் நிம்மதியாக எழுந்து போயிருக்க முடியாது.

இன்னும் ஒன்று. அந்தத் தீர்ப்போடு உடன்பட்ட தலைமை நீதிபதி ரோஜர் டானி. 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் யாரும் அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்று தீர்ப்பு எழுதியதும் அதே டானிதான். அமிஸ்டாட் தீர்ப்பு அடிமை முறையைத் தொடவே இல்லை. 'இவர்கள் அடிமைகள் அல்ல' என்றது. 'யாரையும் அடிமையாக்கக் கூடாது' என்று சொல்லவில்லை. படம் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை இசையால் மூடிவிடுகிறது.

கறுப்பு அங்கி | செவ்வாய், காலை 6:50

டீச்சர், அன்டோனியோ விஷயம் எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஆறாத புண். மறைக்க மாட்டேன். அத்தோடு ஸ்டோரியின் தீர்ப்பில் இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்களை அரசு செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று கீழ்நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. விடுதலை உண்டு, கப்பல் டிக்கெட் கிடையாது!

ஆனால் ஒரு வழக்கறிஞன் தன் முன்னால் இருக்கும் கட்சிக்காரனின் உயிரைக் காப்பாற்றுகிற வாதத்தைத்தான் எடுப்பான். 'அடிமை முறையே தவறு' என்று அந்த நீதிமன்றத்தில், தென் மாநில நீதிபதிகள் நிறைந்த மேடையில், வாதாடியிருந்தால் அத்தனை பேரும் கியூபாவுக்குப் போயிருப்பார்கள். பால்ட்வின் குறுகலான வாசலைத் தேர்ந்தெடுத்தார். அன்டோனியோ அந்த வாசலில் நுழைய முடியவில்லை. மற்றவர்கள் நுழைந்தார்கள். இதில் எது பெரிது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாசலைத் திறந்தவர்களை வில்லன்களாக்க நான் விடமாட்டேன்.

செல்லுலாய்டு செல்வம் | செவ்வாய், காலை 9:30

வில்லனாக்கவில்லை சார். யாருடைய கண் வழியாகக் கதை போகிறது என்பதுதான் பேச்சு. தயாரிப்பாளர் டெபி ஆலன் பல வருடம் இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு ஹாலிவுட்டில் அலைந்தார். ஸ்பீல்பெர்க் வந்த பிறகுதான் வேலை நடந்தது. பெரிய பட்ஜெட் என்றால் ஹாப்கின்ஸும், பால்ட்வினாக வரும் மெக்கானஹேயும் வேண்டும், அவர்களுக்குக் காட்சிகள் வேண்டும். அந்தச் சட்டகத்துக்குள்ளும் மெண்டே மொழியில் நீண்ட உரையாடல்கள், சாகசம் இல்லாத அந்தக் கடற்பயணம், பைபிள் படங்களை மட்டும் பார்த்து யாம்பா என்ற கைதி தன் மனதுக்குள் கதை கோத்துக்கொள்ளும் அந்தக் காட்சி என்று உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். அன்டோனியோ இல்லாதது குறைதான். ஆனால் படம் வராமல் இருந்தால் இங்கே இந்தப் பெயர்களில் ஒன்றைக்கூட நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். என் நிலை அதுதான், மாற்றிக்கொள்வதாக இல்லை.

பொடிநடை | செவ்வாய், மதியம் 1:15

அப்படியென்றால் கப்பலில் கிளர்ச்சி செய்து கோர்ட்டுக்கே போகாமல் ஜெயித்தவர்கள் யாரும் இல்லையா டீச்சர்?

அதோடு அந்த ஆடம்ஸ் வீட்டில் செங்பே போய்ப் பூச்செடியைப் பார்க்கும் காட்சி நடந்ததா?

சரித்திர டீச்சர் | செவ்வாய், இரவு 8:00

வீட்டுக்காட்சி நடக்கவில்லை. ஆடம்ஸ்தான் 1840 நவம்பரில் நியூ ஹேவனுக்குப் போய்ச் சிறையில் அவர்களைப் பார்த்தார்.

முதல் கேள்விக்கு: இருக்கிறார்கள். 1841 நவம்பரில், அமிஸ்டாட் தீர்ப்பு வந்து எட்டு மாதத்தில், 'கிரியோல்' என்ற கப்பல் வர்ஜீனியாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்கு 135 அடிமைகளை ஏற்றிப் போனது. மேடிசன் வாஷிங்டன் என்பவர் தலைமையில் பத்தொன்பது பேர் கப்பலைப் பிடித்தார்கள். அவர் ஏற்கெனவே கனடாவுக்குத் தப்பியவர், மனைவியை மீட்கத் திரும்பி வந்து பிடிபட்டவர். கப்பலைப் பஹாமாவின் நாசாவுக்கு ஓட்ட வைத்தார்கள். அங்கே பிரிட்டிஷ் சட்டப்படி அடிமை முறை இல்லை. உள்ளூர்க் கறுப்பின மக்கள் படகுகளில் வந்து கப்பலைச் சூழ்ந்துகொண்டார்கள். 128 பேர் சுதந்திரமானார்கள். அமெரிக்காவில் நடந்த அடிமைக் கிளர்ச்சிகளில் இத்தனை பேர் விடுதலை பெற்றது இதில்தான்.

இப்போது இன்னொரு செய்தி. பர்விஸ் வரைய வைத்த செங்பேயின் உருவப்படம் சொன்னேன் அல்லவா? மேடிசன் வாஷிங்டன் பிலடெல்ஃபியாவில் பர்விஸின் வீட்டுக்கு வந்தபோது அந்தப் படத்தைப் பார்த்து, அதன் கதையைக் கேட்டுக்கொண்டார் என்று பர்விஸ் முதுமையில் சொல்லியிருக்கிறார். தாமிரபரணியானின் கேள்விக்கு என் பதிலும் இதிலேயே இருக்கிறது. கிரியோல்காரர்கள் ஆடம்ஸின் உரையைப் படித்துவிட்டுக் கிளம்பவில்லை.

வடமராட்சியாள் | செவ்வாய், இரவு 11:25

இதை நான் கேள்விப்படவே இல்லை டீச்சர். நாளைக்கே தேடி வாசிக்கிறன்.

அந்த நாலு குழந்தைகளில மூண்டு பேர் பெண்பிள்ளையள். அதில மார்க்ரு எண்ட பிள்ளை ஊருக்குத் திரும்பிப் போய், பிறகு அமெரிக்காவுக்கே வந்து ஓபர்லினில படிச்சு, திரும்பவும் சியரா லியோனுக்குப் போய் ஆசிரியையாப் பள்ளிக்கூடத்தில வேலை செய்தவ. அவவை வைச்சு ஒரு படம் எடுத்தால் நான் முதல்நாளே டிக்கெட் எடுப்பன்.

தாமிரபரணியான் | புதன், காலை 7:40

தீர்ப்புக்குப் பிறகு அவர்கள் ஃபார்மிங்டன் என்ற ஊரில் எட்டு மாதம் போல இருந்தார்கள். தேவாலயம் தேவாலயமாகப் போய்க் கூட்டம் நடத்தி, செங்பே மெண்டே மொழியிலேயே கிளர்ச்சிக் கதையைச் சொல்லி, பயணத்துக்குப் பணம் சேர்த்தார்கள். 1841 நவம்பரில் 35 பேர் 'ஜென்டில்மேன்' என்ற கப்பலில் ஏறி, அடுத்த ஜனவரியில் சியரா லியோன் போய்ச் சேர்ந்தார்கள். 53 பேரில் 35. படம் இந்த மாதங்களை ஒரே தாண்டாகத் தாண்டி, வெள்ளை உடையில் கப்பலில் நிற்கும் செங்பேயிடம் போய்விடுகிறது. எனக்குப் படத்தில் வேண்டியிருந்தது அந்தக் கூட்டங்கள்தான். தன் டிக்கெட்டுக்குத் தானே பேசிப் பணம் சேர்த்தவனைப் பார்த்திருக்கலாம்.

இருந்தாலும் செல்வம் சொல்வதோடு ஒரு விஷயத்தில் நிற்கிறேன். அந்த ஆணியைப் பிடுங்கும் காட்சிக்காக இந்தப் படத்தை எல்லாரும் பார்க்க வேண்டும்.

பொடிநடை | புதன், மாலை 5:05

முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் கிளப்பில் இதைத்தான் போடுகிறோம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, இடைவேளை எங்கே விடுவது? கப்பல் ஃப்ளாஷ்பேக் சில பேருக்குத் தாங்காது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

சரித்திர டீச்சர் | புதன், இரவு 7:30

கட்டாயம் சொல்லு. பெயர் குறிப்பிடாமல் பொதுவாகச் சொன்னால் போதும், வெளியே போக நினைப்பவர்கள் போகட்டும். ஆனால் அந்தக் காட்சியை வெட்டாதே, வேகமாகவும் ஓட்டாதே. அதற்கு அடுத்தே இடைவேளை விடாதே. டீயும் சமோசாவும் கையில் எடுத்துக்கொண்டு அதைப் பற்றிப் பேச முடியாது. அதற்கு முன்னால், கோவி சிறைக்குள் வந்து பேசத் தொடங்கியதும் விடு. படம் முடிந்ததும் காலேயின் கடிதத்தை வாசியுங்கள், தமிழில் நான் பெயர்த்துத் தருகிறேன்.

கறுப்பு அங்கி | புதன், இரவு 9:00

தம்பி, உங்கள் காலேஜ் மதுரைப் பக்கம் என்றால் நான் வருகிறேன். அன்டோனியோவை முன்வைத்து மாணவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடட்டும். பால்ட்வின் பக்கம் பேசுகிறவர்களுக்கு வழக்குக் குறிப்புகளை நான் தயார் செய்து அனுப்புகிறேன். எதிரணிக்கு டீச்சர் இருக்கிறார். தேதியை மட்டும் சீக்கிரம் சொல், கோர்ட் விடுமுறையோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.